கோயில் படியில் வாசித்த பெயர்கள்

உபதேசியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வேண்டுதல் பட்டியல் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பெண்கள் பக்கம் சேலையை உதறிக்கொண்டு எழுந்திருக்கத் தொடங்கினார்கள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அவரோ கோயில் படியை விட்டு இறங்கவில்லை. கூட்டத்தில் என் முகத்தைத் தேடிப் பிடித்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“அடடா, ஒரு பேரு விட்டுப் போச்சே! நம்ம எழுத்துக்காரப் புள்ள எழுத மறந்துருச்சு போலருக்கு. பாவம், அதுக்கும் வேல சாஸ்தி.”

நான் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று வாயை மட்டும் அசைத்தேன். அவர் அதை என் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

“நம்ம பொம்பளையாள் வீட்டுக்குப் புதுசா வந்திருக்க சந்தியாயிக்காக...” என்று ஆரம்பித்து, அவள் ஊரைச் சொன்னார், புருஷன் பெயரைச் சொன்னார், அவன் வண்டி ஓட்டுகிறவன் என்பதையும் சொன்னார். “அந்தப் புள்ளைக்காக ஒரு பரலோக மந்திரம், மூணு அருள் நிறை மந்திரம்.”

ஊரே முழங்காலில் நின்று, உரக்க, ராகம் போட்டுச் சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மந்திரம் வாயில் வரவில்லை. நான் மறக்கவில்லை ஐயா! வேண்டுமென்றேதான் விட்டேன்!

பருத்திக் கொட்டடி

அந்த வீட்டைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உத்தமபாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் கிறிஸ்தவ ஊர். கோயிலுக்குப் பின்னால், முன்பு பருத்தி அடைத்துவைத்த ஓட்டுக் கட்டிடம் ஒன்று இருந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையாக நின்ற பெண்பிள்ளைகளை அதில் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். நானும் அதில் ஒருத்தி. எழுத்து கற்றுக்கொண்டது அங்கேதான்.

வளர்ந்து ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனோம். நான் போன வேகத்தில் திரும்பி வந்தேன். என் புருஷனை மலைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அப்போது கட்டிடம் சும்மா கிடந்தது. வெள்ளைக்காரச் சாமியார் சாவியை என் கையில் கொடுத்து, போக்கிடம் இல்லாமல் வருகிற பெண்களை வைத்துப் பார்த்துக்கொள் என்றார்.

வந்தார்கள். அடிபட்டு வந்தவள், துரத்திவிடப்பட்டவள், மலைமேல் காப்பித் தோட்டத்தில் கங்காணியிடம் மாட்டிக்கொண்டு இறங்கி ஓடி வந்தவள். நாலைந்து பேருக்கு மேல் ஒருபோதும் இடம் இருந்ததில்லை. நெல் குத்திக் கொடுத்துக் கூலி வாங்கிச் சாப்பிட்டோம். ஓட்டு இடுக்கிலிருந்து பழைய பஞ்சு உதிர்ந்துகொண்டே இருக்கும். காலையில் எழுந்தால் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு பெண் காலில் ரத்தத்தோடு வந்து நின்றால், “சாப்பிட்டியா” என்று கேட்க மாட்டார்கள். “நீ யாரு பொண்டாட்டி?” என்பார்கள். அதற்குப் பதில் வந்தால், “நீ என்ன தப்புப் பண்ணுன?” இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. என் வீட்டில் முதலில் சோறு. பிறகு தண்ணீர் காய வைத்துக் குளியல். அவளாக வாய் திறக்கிற வரைக்கும் கேள்வி கிடையாது.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் எங்கே போய் முட்டியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆண்டவருக்கு அடையாளம்

சாமியாருக்கு ஏகப்பட்ட ஊர்கள். எங்களுக்கு மாதம் ஒரு பூசை கிடைத்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் நடத்துவார். நல்ல மனிதர். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொண்டுபோய் ஊட்டிவிடுவார். எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு நடப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

செபம் முடிந்ததும் படியில் நின்று பட்டியல் வாசிப்பார். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பயணம் போயிருக்கிறார்கள், யாருக்குப் பிரசவம் நெருங்குகிறது, எல்லாரையும் பெயர் சொல்லி, ஊர் சேர்ந்து வேண்டிக்கொள்ளும். பெயர் விட்டுப்போனால் அவ்வளவுதான், ஏழு தலைமுறைக்குச் சண்டை. சூசை என்று ஒரு வயற்காட்டுச் சம்சாரி, தன் செவலை மாட்டை உபதேசியார் வாசிக்கவில்லை என்று மூன்று வாரம் கோயில் பக்கமே வரவில்லை. மாடு பிழைத்துக்கொண்டது. அதிலும் அவருக்கு வருத்தம்தான்.

அதனால் ஒருத்தர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்பதில் உபதேசியாருக்கு உயிர். அவருக்குக் கண் சரியில்லை. சாமியார் தம் பழைய கண்ணாடியைக் கொடுத்திருந்தார். அது சாமியார் கண்ணுக்குச் செய்தது. ஆகவே பட்டியலைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் எழுதத் தெரிந்த பெண் அப்போது நான் ஒருத்திதான். மணிமணியாக எழுதுவேன். என் வீட்டுப் பெண்களையும் எழுதுவேன். பெயர், ஊர், புருஷன் பெயர்.

“பேரு மட்டும் போதாதா உபதேசியாரே?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அதெப்படித்தா போதும்? ஒரே பேருல பத்துப் பேரு இருக்காக. ஆண்டவருக்கு அடையாளம் தெரிய வேணாமா?”

ஆண்டவருக்கு அடையாளம் சொல்ல இவர்! சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆமாம், சிரித்துக்கொண்டுதான்.

ரோசம்மாள்

அறுவடை முடிந்த சமயத்தில் ரோசம்மாள் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. அந்த உதட்டோடு சிரிப்பாள். குழம்பில் அள்ளி உப்புப் போட்டுவிட்டு, “ஏக்கா, கடல்ல பிடிச்ச மீனுன்னு நெனச்சுக்கங்க” என்பாள். குழம்பில் கத்தரிக்காய்தான் இருக்கும். உலக்கையை அவள் மாதிரி சளைக்காமல் போட்டவள் அந்த வீட்டில் இல்லை.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவள் புருஷன் வந்து நின்றான். அழுதான். இனிமேல் கை ஓங்க மாட்டேன் என்று கோயிலைக் காட்டிச் சத்தியம் செய்தான். உபதேசியாரும் கூடச் சேர்ந்து கண் கலங்கினார். குடும்பம் சேர வேண்டும், அதுதான் அழகு என்றார். ரோசம்மாள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. என் சீப்பை அவள் மூட்டையில் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

அடுத்த அமாவாசைக்கு அவள் இல்லை. கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். இறந்தவர்கள் பட்டியலில் அவள் பெயரையும் நான்தான் எழுதினேன்.

இவள் இங்கே இருப்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் தாய், ரோசம்மாள் விட்டுப்போன மாற்றுச் சேலையை வாங்கிப்போக வந்தபோது, நான் கேட்காமலே அந்த அம்மாள் சொன்னாள்.

“எங்க ஊருக்கு வர்ற வளையல்காரரு ஒங்க கோயில்ல பேரு வாசிச்சதக் கேட்டுட்டு வந்து சொன்னாரும்மா. ‘ஓம் மக அங்கன பத்திரமா இருக்கா ஆத்தா, கவலப்படாத’ன்னு நல்ல மனசாத்தான் சொன்னாரு. மருமகன் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தான்.”

சேலையை மடித்துக் கொடுத்தேன். வாசித்தது உபதேசியார். எழுதியது யார்? கொட்டை எழுத்தில், ஒரு பிழையில்லாமல், ஊரோடு புருஷன் பெயரோடு எழுதிக் கொடுத்தது யார்? இத்தனை வயதான பிறகும் அதை நினைத்தால் எனக்கு என் மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் காதில் ஏறவே இல்லை.

“என்ன பேச்சுத்தா பேசுற? செபத்தால ஒருத்தருக்குக் கெடுதி வருமா? அவுக காலம் முடிஞ்சது, போனாக.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சந்தியாயி

அதற்குப் பிறகு என் வீட்டுப் பெண்கள் யாரையும் நான் பட்டியலில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் சந்தியாயி வந்தாள்.

அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் மடங்காது. சாட்டைக்கம்பு செய்த வேலை. அவள் புருஷன், மலைமேல் நடந்துகொண்டிருந்த அணை வேலைக்குச் சாமான் ஏற்றிப்போகிற வண்டிக்காரன். மாடு ஒன்று மலைப்பாதையில் விழுந்துவிட்டது. காப்பித் தோட்டத்துக் கங்காணி ஒருவன் வேறு மாடு வாங்கிக் கொடுத்தான். பதிலுக்கு இவள் மலைக்குப் போக வேண்டும். கங்காணி வீட்டு வேலைக்காம்.

“மின்ன ஒரு மழைக்காலம் பூராம் அங்கன இருந்துருக்கேன்க்கா,” என்றாள். எந்த வேலை என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. “மறுக்கா ஏத்திவிட்டாகன்னா நான் திரும்பி எறங்க மாட்டேன்க்கா. எனக்குத் தெரியும்.”

“இங்கன இரு. ஒன்னய ஒருத்தரும் கொண்டுபோக விட மாட்டேன்,” என்றேன். பெரிய இவள் மாதிரி வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான், அவள் ஊரையும் புருஷன் பெயரையும் முன்பே விசாரித்து வைத்திருந்த உபதேசியார் ஞாபகசக்தியோடு படியில் நின்று சிரித்தது.

நடுவில் ஒரு வார்த்தை

இரண்டு வாரத்துக்கு முன் சந்தியாயியையும் அவள் விரலையும் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்குள் பத்திரிகை ஆபீசுக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பியிருக்கிறார். அவள் எந்த ஊர்? யார் வீட்டுப் பெண்? புருஷன் பெயர் என்ன? இப்போது எங்கே இருக்கிறாள்? “எங்கள் உறவாக இருக்குமோ என்று பார்க்கிறோம்” என்று ஒருவர். “குறிப்பு முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா” என்று இன்னொருவர்.

அவள் விரல் மடங்கியதா என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறீர்களா? நீங்கள் கேட்டதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமையாக இருங்கள்.

வாழைத்தார்

புதன்கிழமை முற்பகல். நாங்கள் நெல் குத்திக்கொண்டிருந்தோம். வண்டிச் சத்தம் வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால், உபதேசியார் முன்னால் வருகிறார். தோளில் ஒரு பெரிய வாழைத்தார். முகமெல்லாம் சந்தோஷம். பின்னால் கையில் சாட்டையோடு ஒரு ஆள்.

சந்தியாயி உலக்கையை விட்டாள். நான் மற்றவர்களைப் பார்த்து, குத்துங்கள், நிறுத்தாதீர்கள் என்று ஜாடை காட்டினேன். அவள் குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

“ஏத்தா, யாரு வந்துருக்காக பாரு!” என்றார் உபதேசியார். “சந்தியாயி வீட்டுக்காரரு. பாரு, எனக்குத் தாரு வேற கொண்டாந்துருக்காரு.”

“எல்லாம் உபதேசியாரய்யா புண்ணியம்,” என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய. “எங்கிட்டெல்லாம் தேடுனேன்! நீக வாசிச்சத எங்க ஊருக்காரன் ஒருத்தன் கேட்டுட்டு வந்து சொன்னான். நீக மட்டும் வாசிக்கலேன்னா எனக்கு எங்க தெரியப்போவுது? அவள வரச்சொல்லுங்க. வண்டிய மாடு பூட்டுனபடியே நிப்பாட்டிருக்கேன்.”

நான் இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்னதை, அவன் ஒரே மூச்சில், நன்றியோடு சொல்லிவிட்டான்.

“தார எறக்கி வைங்க உபதேசியாரே,” என்றேன்.

“ஏன்த்தா?”

“ரோசம்மா வீட்டுக்காரன் ஒங்களுக்கு என்ன கொண்டாந்தான்?”

அவர் முகம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, தோளில் இருந்த தாரைப் பார்த்தது.

“சேவலு,” என்றார் மெதுவாக. “ஒரு சேவக்கோழி.”

உள்ளே உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உபதேசியார் திரும்பி நடந்தார். தாரை அவன் வண்டியில், வைக்கோல் மேல் பதமாக இறக்கி வைத்தார். தோளைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“தப்பு நடந்து போச்சுப்பா. சந்தியாயின்னு இங்கன யாரும் இல்ல.”

“என்னய்யா வெளையாடுறீக? ஊரு பேரோட, எம் பேரோட நீகதான வாசிச்சீக!”

“கண்ணு தெரியலப்பா. எழுத்து மாறிப் போச்சு. தப்பா வாசிச்சுட்டேன்.”

அதை அவர் வாயால் சொன்னார்! ஒரு எழுத்துப் பிசகினால் மூன்று நாள் சாப்பிடாத மனிதர் அவர். கண் மங்கல் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவார்.

அவன் நம்பவில்லை. உள்ளே போய்ப் பார்க்கிறேன் என்று ஏறினான். உபதேசியார் கதவுக்குக் குறுக்கே நின்றார். அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மனிதர் வாசற்படியில் விழுந்தார். கண்ணாடி தெறித்துக் கல்லில் பட்டு உடைந்தது. எழுந்திருக்காமல், விழுந்த இடத்திலேயே கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார்.

“எம் மேல கால வச்சுத்தான்யா உள்ள போகணும். வையி.”

நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. எங்கள் உபதேசியார் மேல் ஒருவன் கை வைப்பதா என்று, அத்தனை பேரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுப் பெண்களுக்காக ஒரு நாளும் வராதவர்கள். அன்றைக்கு வந்தார்கள், அந்த மட்டில் சரி. அவன், ஞாயிற்றுக்கிழமை ஆட்களோடு வருகிறேன் என்று கறுவிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

கண்ணாடி இல்லாத ஞாயிறு

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் உபதேசியாரும் அவர் மனைவியும் ஒரு கூண்டு வண்டியில் கிளம்பினார்கள். நடுவில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சந்தியாயி. வழியில் கேட்டவர்களிடமெல்லாம், மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகிறோம் என்று சொன்னாராம். மொத்தம் மூன்று பொய். அவரே எண்ணி வைத்திருந்து, சாமியார் வந்தபோது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? ரகசியம் அவர் வாயில் எப்போது நின்றது, என்னிடமும் சொல்லிவிட்டார். ஆனால் அவளை எங்கே கொண்டுபோய் விட்டார் என்பதை மட்டும் என்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே அவன் வந்தான். நாலு ஆட்களோடு கோயிலின் பின்பக்கம் நின்றான். செபம் முடிந்தது. உபதேசியார் படியில் ஏறினார். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கையில் விரித்துப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பிறகு தாளை மடித்தார்.

“எழுதினதும் எழுதாததும் ஆண்டவருக்குத் தெரியும். எல்லாருக்கும் சேத்து ஒரு பரலோக மந்திரம்.”

சூசை எழுந்தார். “அப்ப எம் மாடு?”

“ஒம் மாட்டையும் சேத்துத்தான்யா! உக்காரு!”

அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டோம். அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பி, அது முடிவதற்குள் மந்திரம் ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்றவன் பெண்கள் பக்கத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வீட்டையும் காட்டச் சொன்னான். ஊர்ப் பெரியவர்களோடு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நானே கதவை விரியத் திறந்து வைத்தேன். நெல், உமி, உதிர்ந்த பஞ்சு. அவ்வளவுதான் இருந்தது. போய்விட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பெயர் ஒன்றுகூடப் படியில் வாசிக்கப்படவில்லை. உபதேசியாரும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, பல மாதம் கழித்து, களத்தில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தமே இல்லாமல் சொன்னார்.

“அந்தச் சேவல நாங்க கொழம்பு வச்சுத் தின்னோம்த்தா.”

என் சீப்பைப் பற்றி நான் யாரிடம் சொல்வது?

கேட்டவர்களுக்குப் பதில்

சந்தியாயி என்பது அவள் பெயர் இல்லை. அவள் புருஷன் வண்டிக்காரனும் இல்லை. மடங்காத விரல் வலது கையில் இல்லை. சூசை சூசை இல்லை, மாடும் செவலை இல்லை. எங்கள் ஊர் உத்தமபாளையத்திலிருந்து நடந்து போகிற தூரம் என்று எழுதினேன். நடந்து பாருங்கள், கால்தான் வலிக்கும்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு யார் தேடி வரப்போகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். வளையல்காரரும் நல்ல மனதாகத்தான் சொன்னார். ஒரு தடவை எழுதிக் கொடுத்தது போதும். என் கையால் இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை. ரோசம்மாள். அது அவள் பெயரேதான். அவளைத் தேடிக்கொண்டு இனிமேல் யாரும் வரப்போவதில்லை.